கையெழுத்துப் போட மாட்டேன்

எண்பதுகளின் நடுவில், பதினான்கு வயதில், நான் அம்மாவோடு கலிபோர்னியாவுக்கு வந்து இறங்கினேன். அத்தா இரண்டு வருடம் முன்னாலேயே வேலைக்கு வந்திருந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள் நான். இங்கிலீஷில் இலக்கணம் தெரியும், வாயைத் திறக்கத் தெரியாது. இன்று இதே கலிபோர்னியாவில் டப்ளின் ஊர்ப் பக்கம் போனால் எந்தக் கடையிலும் தமிழ் காதில் விழுகிறது. அன்று இந்தப் பள்ளத்தாக்கில் குதிரைப் பண்ணைகளும் புதிதாக எழும்பிய வீட்டு வரிசைகளும்தான். தமிழ் பேசும் குடும்பங்கள் ஐந்தாறு இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான்.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் கட்டுப்பாடாக இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். நான் அங்கேதான் இருந்தேன். காலை எட்டு மணிக்குப் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தால் ஸ்ப்ரே மேகத்தில் மூச்சு முட்டும். முன்முடியைச் சேவல் கொண்டை மாதிரி நிமிர்த்தி, அது நிற்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பார்கள். வெயில் காலத்திலும் முழங்காலுக்குக் கீழே கம்பளி உறை. முழங்கை வரைக்கும் கறுப்பு ரப்பர் வளையல். என் கண்ணாடி வளையலைப் பார்த்து ஒருத்தி, எந்த மாலில் வாங்கினாய் என்று கேட்டாள். காதில் வாக்மேன் இல்லாதவர்கள் ஏழைகள் என்று அர்த்தம். என்னிடம் இல்லை.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். பெற்றோரின் கடிதம் இருந்தால் மாணவர்கள் அந்தக் கோட்டுக்குள் நின்று சிகரெட் பிடிக்கலாம். பள்ளிக்கூடமே கொடுத்த அனுமதி அது. நான் சேர்ந்த அடுத்த வருடம் கோட்டை அழித்துவிட்டு, அந்தச் சுவரில் போதை வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதினார்கள். சிகரெட் பிடித்தவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

இரண்டு பேருக்கு ஒரு லாக்கர். என்னோடு பங்கு போட்டவள் உயரமானவள், முகம் நிறையப் புள்ளி. அவளுடைய அம்மா மளிகைக் கடையில் கேஷியர், அப்பா வீட்டில் இல்லை. பூட்டின் சக்கரத்தை எந்தப் பக்கம் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று முதல் நாள் பொறுமையாகக் காட்டித் தந்தவள் அவள்தான். நான் ‘வி’யையும் ‘டபிள்யூ’வையும் மாற்றிச் சொல்லும்போதெல்லாம் என் முகத்துக்கு நேராகச் சிரிப்பாள். முதுகுக்குப் பின்னால் சிரிக்க மாட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவே பெரிய விஷயம். என் டிபன் டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்து, பிறகு பாதியைத் தின்றுவிடுவாள். அம்மா எனக்குத் தெரியாமல் அளவைக் கூட்டிவிட்டாள்.

பதினோராம் வகுப்பில் அவள் மாலில் ஒரு துணிக்கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு மாதத்தில் இளைத்துப் போனாள். எல்லோரும் நன்றாக இருக்கிறாய் என்றார்கள், அவளும் சந்தோஷப்பட்டாள். பிறகு ஒரே நாளில் லாக்கரை மூன்று தடவை துடைத்தாள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்ததை ஆரம்பித்தாள். கணக்கு வகுப்பில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நான் கேட்டபோது மறைக்கவில்லை. கடையில் வேலை செய்யும் பெண்கள் ஒரு வெள்ளைப் பொடி கொடுத்தார்களாம். பசிக்காது, தூக்கம் வராது, வேலை ஓடும். கேமரா பிலிம் சுருள் வரும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அதை வைத்திருந்தாள். எனக்கு ஒருநாளும் நீட்டியதில்லை. நீ தொட்டால் உன் கையை உடைப்பேன் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் போதை விழிப்புணர்வு வாரம் வந்தது. வேலி முழுவதும் ரிப்பன் கட்டினார்கள். பள்ளிக்கூடம் மொத்தத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே காய்ந்த இலை, மாத்திரைகள், ஊசி, பொடி. அவ்வளவையும் வரிசையாக ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருந்தார், எங்கள் ஊர்ப் பள்ளியில் பூச்சிகளை ஒட்டி வைத்திருந்த மாதிரி. திருந்திய இளைஞன் ஒருவன் பேசினான், அழுதான். பின்வரிசையில் யாரோ அவன் அழுவது மாதிரியே அழுதுகாட்டினார்கள். கடைசியில் போலீஸ்காரர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: உங்களில் யாருக்காவது இந்தப் பிரச்சினை இருந்தால், இந்தப் பள்ளியில் எந்தப் பெரியவரிடமும் வந்து சொல்லலாம், உண்மையைச் சொன்னதற்காக யாரும் தண்டிக்கப்பட மாட்டார்கள். பக்கத்தில் நின்ற துணை முதல்வர் தலையை ஆட்டினார்.

நான் அதை அப்படியே நம்பினேன். வாத்தியார் மேடையில் நின்று ஊர் முன்னால் ஒன்றைச் சொன்னால் அதைச் செய்வார் என்றுதான் நான் வளர்ந்திருந்தேன். இரண்டு நாள் அவளை விடவில்லை. போய்ச் சொல்லிவிடு, உதவி செய்வார்கள் என்று நச்சரித்தேன். நீ இந்த நாட்டுக்குப் புதுசு, உனக்குத் தெரியாது என்றாள். ஆயிரம் பேர் முன்னால் சொன்னார்கள், நானே கேட்டேன் என்றேன். மூன்றாம் நாள் மதிய இடைவேளையில், நீயும் கூட வா என்று கேட்டாள். போனேன்.

மாணவர் ஆலோசகரின் அறை அது. மேஜைமேல் மிட்டாய்க் கிண்ணம் இருந்தது. அவள் பிலிம் டப்பாவை எடுத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து, என்னால் நிறுத்த முடியவில்லை என்றாள். ஆலோசகர் அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, நீ தைரியசாலி, ஐந்து நிமிடம் இரு என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பத்து நிமிடத்தில் துணை முதல்வர் வந்தார். அரை மணி நேரத்தில் போலீஸ் வந்தது. கையில் விலங்கு ஒன்றும் மாட்டவில்லை. இரண்டு ஆண்களுக்கு நடுவில் அவள் கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்து போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு துணை முதல்வர் என்னை உட்கார வைத்தார். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார், தண்ணீர் கொடுத்தார். ஒரு தாளையும் வைத்தார். அவள் உனக்கு அந்தப் பொடியைத் தர முயன்றாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு, உன்மேல் எந்தக் குற்றமும் வராது என்றார். விஷயம் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கையில் வைத்திருந்தால் சில வாரம் இடைநீக்கம். அடுத்தவருக்குக் கொடுத்தால் அடியோடு வெளியேற்றம். வெளியேற்ற அவர்களுக்கு என் கையெழுத்து வேண்டியிருந்தது.

அவள் தரவில்லை என்றேன். யோசித்துப் பார், நாளைக் காலையில் உன் பெற்றோர் வரட்டும் என்றார்.

மறுநாள் அத்தா லீவு போட்டார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி டை கட்டிக்கொண்டார். காரில் அவருடைய குரல் நடுங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

“எழுதிக் குடுத்துரும்மா. கிரீன் கார்டு ஃபைல் நடுவுல நிக்குது. அதுல ஒரு போலீஸ் பேப்பர் சேந்துச்சுன்னா எல்லாம் போச்சு. அந்தப் புள்ளைக்கு அவங்க அம்மா இருக்காங்க.”

பின்சீட்டில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்த அம்மாதான் என்னைக் கேட்டாள்.

“அந்தப் புள்ள உனக்குக் குடுத்துச்சா?”

“இல்லம்மா.”

“ஒரு தடவகூட?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு எழுதணும்?”

அத்தா அதற்குப் பிறகு ரேடியோவைப் போட்டார்.

அறையில் துணை முதல்வர் அத்தாவைப் பார்த்தே பேசினார். உங்கள் மகள் நல்ல மாணவி, அவளைப் பாதுகாக்கத்தான் இது என்றார். அத்தா தலையாட்டிக்கொண்டே இருந்தார். தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என் முன்னால் வைத்தார். அப்போது அம்மா என் முழங்கையைத் தொட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பள்ளியில் நடந்த ஒவ்வொன்றையும் நான் முந்தின நாளே அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

“நான் சொல்றத அப்படியே அவர்கிட்ட சொல்லு. கூட்டாத, குறைக்காத. உண்மையச் சொன்னா ஒண்ணும் பண்ண மாட்டோம்னு மேடையில சொன்னீங்க. அந்தப் புள்ள வந்து சொல்லுச்சு. போலீஸக் கூப்பிட்டீங்க. இப்ப எம்மகளப் பொய் எழுதச் சொல்றீங்க. இதுல பிள்ளைங்களுக்கு என்ன கத்துக் குடுக்குறீங்க?”

என்னுடைய இங்கிலீஷ் அன்று எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒரு சொல் விடாமல் சொன்னேன். துணை முதல்வரின் கழுத்து சிவந்தது. இது பள்ளியின் பாலிசி, தன் கையில் இல்லை என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“அப்ப பாலிசிய மேடையில சொல்லிருக்கணும்ல” என்றாள் அம்மா.

அதையும் இங்கிலீஷில் சொன்னேன். அத்தா பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, திரும்பச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அவருக்குப் பயம் போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. பயத்தோடேயே அதைச் செய்தார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேனா மூடியின் சத்தம்தான் முதலில் கேட்கும்.

தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்காக எனக்கு மூன்று நாள் இடைநீக்கம் கிடைத்தது. வெளியேற்ற ஆதாரம் இல்லாததால் அவளை ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு பள்ளிக்கு மாற்றினார்கள். ஒத்துவராத பிள்ளைகளை அனுப்பி வைக்கும் பள்ளி அது. இதை நான் ஜெயித்த கதையாகச் சொல்ல வரவில்லை.

நான் திரும்பி வந்தபோது எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கியது. போதையைத் தொட மாட்டேன், தொடுபவர்களோடு சேர மாட்டேன் என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே எல்லோருடைய கையெழுத்தும். எந்த வகுப்பில் அத்தனை பேரும் கையெழுத்துப் போடுகிறார்களோ அந்த வகுப்புக்கு வெள்ளிக்கிழமை பீட்சா. எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேர் போட்டிருந்தார்கள். பாக்கி நான் மட்டும்.

எங்கள் வகுப்பு ஆசிரியை டைப்பிங் சொல்லித் தருபவர், சாதுவானவர். ஸ்கெட்ச் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. நீதான் எதையும் தொடுவதில்லையே, போட்டால் என்ன என்று கேட்டார்.

“தொடுறதில்ல, தொடவும் மாட்டேன். ஆனா கையெழுத்துப் போட மாட்டேன்” என்று இங்கிலீஷில் சொன்னேன். ஏன் என்றார். என் சிநேகிதியோடு சேர மாட்டேன் என்று நான் எழுதித் தர முடியாது என்றேன். யாரோ பின்னாலிருந்து, சும்மா போடு, சனிக்கிழமை போய்ச் சேர்ந்துகொள் என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போட்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே நிற்கிறவர்களின் பெயர்கள்தான் அந்த அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தன. எனக்கு அது முடியவில்லை. அவளை நம்பவைத்து அந்த அறைக்குள் கூட்டிப்போனவள் நான். அதற்கு மேல் ஒரு கையெழுத்தையும் போட்டுவிட்டு என்னால் அந்த லாக்கரைத் திறக்க முடியாது.

வெள்ளிக்கிழமை பக்கத்து வகுப்பிலிருந்து பீட்சா வாசனை வந்தது. எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் பசித்தது. அடுத்த வாரம் லாக்கர்மேல் லிப்ஸ்டிக்கால், உன் நாட்டுக்குப் போ என்று எழுதியிருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. துப்புரவுப் பணியாளர் துடைக்கும்வரை, நான்கு நாள், அதைத் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

செய்தி எங்கள் ஐந்தாறு குடும்பங்களுக்குள் பரவ ஒரு வாரம் ஆகவில்லை. பெருநாள் விருந்துக்கு வந்த ஓர் அங்கிள், பிள்ளையை ஊருக்கு அனுப்பிக் காலத்தோடு கட்டிக் கொடுத்துவிடுங்கள் என்று அத்தாவிடம் சொன்னார். அத்தா பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவள் ஒரு தப்பும் செய்யவில்லை, செய்தவர்கள் வேறு என்றார். கிரீன் கார்டு இரண்டு வருடம் கழித்து வந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போவேன். முதல் இரண்டு தடவை அவளுடைய அம்மா கதவைப் பாதி திறந்து, அவள் தூங்குகிறாள் என்றார். மூன்றாம் தடவை அவளே வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். முன்முடி தட்டையாகக் கிடந்தது.

“நீதான் போகச் சொன்ன” என்றாள்.

“ஆமா. நான்தான்” என்றேன்.

அவள் என்னை எழுந்து போகச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அந்த வருடக் கடைசியில் அவர்கள் ஸ்டாக்டன் பக்கம் குடிபோனார்கள். சில கடிதங்கள் வந்தன. பிறகு நின்றுவிட்டன.

நான் மருந்தியல் படித்து, ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட் ஆனேன். இருபது வருடத்துக்கு மேல் கழித்து, கம்ப்யூட்டரில் தேடி அவளைக் கண்டுபிடித்தேன். மலையைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் டிரைவ் பண்ணிப் போய்ப் பார்த்தேன். ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இரண்டு முறை மோசமாக விழுந்ததாகவும், முப்பத்தொரு வயதில் ஒருவழியாக நிறுத்தியதாகவும் சொன்னாள். அந்த அட்டை விஷயம் அவளுக்குத் தெரியவே தெரியாது. நான் சொன்னதும் காப்பியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அதே மாதிரி முகத்துக்கு நேராக.

பீட்சாவையா விட்டாய், நானாக இருந்தால் போட்டிருப்பேன் என்றாள்.

எனக்குக் கொஞ்சம் அடிபட்ட மாதிரிதான் இருந்தது. அவளுக்காகத்தான் போடவில்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். திரும்பி வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்றைக்கு அந்த அட்டையை நீட்டினாலும் போட மாட்டேன்.

இப்போது நான் டப்ளினில் இருக்கிறேன். என் பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்டார்கள். இன்றைய மாத்திரைகளுக்கு முன்னால் அன்றைய பொடி ஒன்றுமே இல்லை. தலைவலிக்கு என்று ஒரு சிநேகிதன் தரும், போதை மருந்து கலந்த ஒற்றைப் போலி மாத்திரையில் மூச்சு நின்றுபோகிறது. நின்ற மூச்சைத் திருப்பிக் கொண்டுவர மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே ஒன்று இருக்கிறது. யாரும் வாங்கலாம், யாரும் அடிக்கலாம். போன வசந்தத்தில் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் கூட்டம் ஒன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இருபத்துநான்கு ஸ்ப்ரே டப்பாக்களோடு போனேன். வாசலில், பெயர் பதியும் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டு அடுக்கினேன்.

ஏற்பாடு செய்த தம்பி நாற்பது வயதுக்காரர், பெரிய கம்பெனியில் பெரிய வேலை. தயங்கித் தயங்கி வந்தார்.

“அக்கா, இத உள்ள ரூம்ல வெச்சுக்கலாமே. ஃபேமிலி ஃபங்ஷன். பாக்குறவங்க தப்பா நெனப்பாங்க.”

“நெனைக்கட்டும் தம்பி. வெளியிலயே இருக்கட்டும்.”

“நம்ம பசங்க இதெல்லாம் டச் பண்ண மாட்டாங்கக்கா.”

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த நம் பிள்ளைகளைப் பற்றி நான் பேச முடியாது, பேசவும் மாட்டேன் என்று சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார்.

என் பேச்சில் நான் யாரையும் பயமுறுத்தவில்லை. பிள்ளை வந்து ஒன்றைச் சொன்னால் முதலில் போனை எடுக்காதீர்கள், அடிக்காதீர்கள், ஊருக்கு அனுப்புவேன் என்று சொல்லாதீர்கள், உட்காருங்கள் என்றேன். சொன்னால் தண்டிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தண்டித்தால், அதுதான் பிள்ளை உங்களிடம் சொன்ன கடைசி உண்மையாக இருக்கும் என்றேன். முன்வரிசையில் பட்டுப்புடவை கட்டியிருந்த ஒரு பெண்மணி எழுந்து, இந்த ஸ்ப்ரேயை வீட்டில் வைத்தால் பிள்ளைகளுக்கு நாமே லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆகாதா என்று கேட்டார். கைதட்டல் அவருக்குத்தான் விழுந்தது. வீட்டில் தீயணைப்பான் வைத்திருக்கிறீர்கள், அதற்காக யாரும் சமையலறையைக் கொளுத்துவதில்லை என்றேன். அதற்குக் கைதட்டல் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் மேஜைப் பக்கம் யாரும் வரவில்லை. நானே தட்டை எடுத்துக்கொண்டு வந்து அங்கேயே நின்று சாப்பிட்டேன். ஒவ்வொருவராகக் கார் சாவியைத் தேடத் தொடங்கியபோதுதான் டப்பாக்கள் குறைந்தன. பேசாமல் எடுத்து, கைப்பையில் போட்டு, போய்க்கொண்டிருந்தார்கள். பட்டுப்புடவைக்காரர் கணவரைக் காருக்கு அனுப்பிவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு டப்பாக்களை எடுத்தார்.

எப்படி அடிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நான் ஒன்றைப் பிரித்து, தலையை எப்படிச் சாய்ப்பது, மூக்கில் எவ்வளவு உள்ளே வைப்பது, எங்கே அழுத்துவது என்று செய்து காட்டினேன். அவர் இன்னொரு முறை காட்டச் சொன்னார்.